தழும்பு இல்லாத படம்

நான் வேலை பார்த்த பேங்க் கிளையில் ஒரு காலத்தில் ஆண் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தான் இருந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எல்லோரும் வெள்ளை வெளேரென்று இருப்பார்கள். எல்லோரும் கறுப்புக் கோட்டுப் போட்டு மூக்குக் கண்ணாடி மாட்டியிருப்பார்கள். எல்லோருக்கும் பின்னால் ஒரு பளிங்குப் படிக்கட்டும் அதன் பக்கத்தில் ஒரு நீரூற்றும் இருக்கும். அடையாள அட்டைப் படத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தவர்களை நேரில் பார்த்தால்தான் குழப்பம் வரும். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம், வெயிலில் கறுத்து, பல்லில் காவி படிந்து, தோளில் துண்டோடு ஒருவர் நின்றுகொண்டு, "தாயி, இது நாந்தேன்" என்பார். நான் அட்டையைப் பார்ப்பேன், அவரைப் பார்ப்பேன், திரும்பவும் அட்டையைப் பார்ப்பேன்.

இது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. பழங்காநத்தத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, ஜங்ஷனில் பாசஞ்சர் ரயில் ஏறி, சோழவந்தான் பக்கம் இருந்த கிளைக்குத் தினமும் போய்வருவேன். போகிற வழியெல்லாம் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்தக் குளிர்ச்சி போய்விடும். எனக்கு முன்கோபம் அதிகம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அந்தக் கிளையில் ஒரு வாரம் வேலை பார்த்திருந்தால் சொன்னவர்களுக்கும் வந்திருக்கும்.

படம் ஒட்டும் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கேயோ ஒரு கிளையில், கைநாட்டு வைக்கும் ஒரு பெரியவருடைய பாஸ்புக்கை எவனோ கொண்டுவந்து, தன் கட்டை விரலை உருட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். கைநாட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க அதற்கென்று படித்தவர்கள் வேண்டும். என் கண்ணுக்கு எல்லாக் கைநாட்டும் மிதிபட்ட நாவற்பழம் போலத்தான் தெரியும். ஆகவே தலைமை அலுவலகம் யோசித்து ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கையெழுத்துப் போடத் தெரியாத எல்லோருக்கும் புகைப்படம் ஒட்டிய அட்டை கொடுக்க வேண்டும். அட்டையைக் காட்டாதவர்களுக்குப் பணம் கிடையாது. முகமும் படமும் பொருந்தாவிட்டாலும் கிடையாது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. படித்தவன் திருடமாட்டான் என்று தலைமை அலுவலகத்துக்கு அப்படியொரு நம்பிக்கை.

எங்கள் மேனேஜர் மெட்ராஸ்காரர். மாற்றலாகி வந்தவர். எங்கள் பக்கத்தில் அவருக்குப் பிடித்தவை இரண்டே இரண்டு. ஒன்று, தபாலில் வரும் சுற்றறிக்கை. இன்னொன்று, சோழவந்தான் வெற்றிலை. வந்த முதல் மாதமே வெற்றிலைக்கு அடிமையாகிவிட்டார். மேஜை இழுப்பறையில் பேனாவுக்குப் பதில் பாக்குவெட்டி இருக்கும். சுற்றறிக்கை வந்த அன்று அதை எங்களுக்கு நின்றுகொண்டு வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "இனிமே நம்ம கிளையில ஒரு பைசா தப்பான கைக்குப் போகாது" என்றார். அவர் நல்லவர்தான். நல்லவர்களுக்குச் சுற்றறிக்கை கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

எல்லோரும் படம் எடுக்கப் புறப்பட்டார்கள். ஸ்டேஷன் ரோட்டில் ஒரே ஒரு ஸ்டுடியோ. அங்கே ஒரு கோட்டு, லென்ஸ் இல்லாத ஒரு கண்ணாடி பிரேம், ஓடாத ஒரு கைக்கடிகாரம், பெண்களுக்கு ஒரு கவரிங் நெக்லஸ். படிக்கட்டும் நீரூற்றும் திரைச்சீலையில் வரைந்தவை. எங்கள் பக்கத்துச் சனங்களுக்குப் போட்டோ என்பது சும்மா எடுப்பது இல்லை. பலருக்கு வாழ்நாளிலேயே அது ஒன்றுதான். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால், அதைப் பெரிசு பண்ணிச் சுவரில் மாட்டி மாலை போட வேண்டும். பேரன் பேத்திகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தாத்தா இப்படி இருந்தார் என்று தெரிந்துகொள்வார்கள். அப்படிப்பட்ட படத்தை, பேங்க் கேட்கிறது என்பதற்காக, கொடிக்காலிலிருந்து வந்த கோலத்திலேயே எடுக்க யாருக்கு மனசு வரும்? கோட்டு மாட்டி, பவுடர் அப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ஸ்டுடியோக்காரர் தன் பென்சிலை எடுத்துக்கொண்டு நெகட்டிவோடு உட்காருவார். கறுப்பை வெளுப்பாக்குவார். அம்மைத் தழும்பு, மரு, சுருக்கம் எதுவும் தப்பாது. மீசை மெலிதாக இருந்தால் தடிப்பாக்கிக் கொடுப்பார்.

ஒருநாள் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் அவரிடம் கேட்டேவிட்டேன். "அண்ணே, ஆளைத் தெரியணும்னுதான் படம் கேக்குறோம். நீங்க ஆளையே மாத்தி அனுப்புறீங்களே?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கிற மூஞ்சிய அப்படியே காட்டுறதுக்கு எதுக்கும்மா ஸ்டுடியோ? கண்ணாடி போதுமே. காசு குடுத்து எடுக்குறவனுக்கு நாலு பேரு பாக்குற மாதிரி குடுக்க வேணாமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அப்படிப் படம் கொண்டுவந்தவர்களில் ஒருவர்தான் எங்கள் வெற்றிலைக்காரர். எங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மேனேஜருடைய மேஜைக்குத் தினமும் காலையில் ஒரு கவுளி கொழுந்து வெற்றிலை கொண்டுவந்து வைப்பவர் அவர்தான். அவருடைய அப்பா காலம்வரை அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் கூலி வேலை. இவர்தான் முதன்முதலில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கொடிக்கால் போட்டார். இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடைவரை ஒரு தழும்பு. கொடிக்காலில் ஏணியிலிருந்து சறுக்கியபோது, கொடி படரும் அகத்திக் கட்டை கிழித்தது. அரை மைல் தூரத்தில் வந்தாலும் அந்தத் தழும்பு சொல்லிவிடும், வருவது அவர்தான் என்று.

அவர் நீட்டிய படத்தில் தழும்பு இல்லை. ஒரு வெளுத்த மனிதர், நிறைய முடியோடும் முறுக்கு மீசையோடும், கோட்டுப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வெளியூரில் வக்கீல் தொழில் பார்ப்பவர் போல இருந்தது.

"தழும்பு எங்கண்ணே?"

"எடுத்துட்டாருல்ல" என்றார் சந்தோஷமாக. "அதுக்குத் தனியா வாங்குனாரு தாயி."

"அந்தத் தழும்பை வச்சுத்தானே உங்களத் தெரியும்?"

அவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு நான் எங்க ஊருத் தெருவுல நடந்துற முடியுமா? எங்கப்பன் தோள்ல துண்டு போட்டதுக்கே அடி வாங்குனவன். படத்துலயாச்சும் போட்டுக்கிறேனே. யாருக்கு என்ன நட்டம்?"

 அட்டையில் படத்தை ஒட்டினேன். கீழே 'அங்க அடையாளம்' என்று ஒரு வரி இருக்கும். முகத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும். 'இடது கன்னத்தில் நீண்ட தழும்பு' என்று எழுதினேன். மேலே தழும்பு இல்லாத படம், கீழே தழும்பு உண்டு என்ற எழுத்து. மேனேஜர் படத்தை மட்டும் பார்த்து, "ரொம்பத் தெளிவா இருக்கு" என்று சொல்லி முத்திரை குத்திவிட்டார்.

சில வாரங்கள் சச்சரவில்லாமல் போயின. பிறகு ஒருநாள், கறுப்புக் கோட்டும் கண்ணாடியுமாக ஒரு ஆள் பேங்க்குக்குள் வந்தான். சித்திரை வெயில். கோட்டுக்குள் அவன் வெந்துகொண்டிருந்தான். அட்டையை வாங்கி நான் தயங்கினேன். மேனேஜரே எழுந்து வந்துவிட்டார். அட்டையையும் ஆளையும் பார்த்தார். அதே கோட்டு, அதே கண்ணாடி, அதே பவுடர். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாம்மா? இதுதான் அடையாளம். இவர் ஒருத்தர்தான் ஒழுங்கா வந்திருக்கார். உட்காருங்க சார்." அந்தக் கிளையில் கைநாட்டு வைக்க வந்த ஒருவரை அவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்தச் சார் பணத்தை எண்ணிக்கொண்டு போனது தன் அண்ணன் கணக்கிலிருந்து. ஸ்டுடியோவில் கோட்டை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அடுத்த வாரம் அண்ணன்காரர் வேட்டி துண்டோடு வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர்களுக்குள் ஊரில் பேசி முடித்துக்கொண்டார்கள். மேனேஜருக்குத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெமோ வந்தது. அதை அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை.

அன்றிலிருந்து மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பணம் எடுக்க வரும் ஒவ்வொருவரையும் அவரே பார்த்தாக வேண்டும். கோட்டுப் போட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தச் சொல்லி பியூனுக்கு உத்தரவு. கோட்டுப் போடாமல் வந்தாலோ படத்தோடு பொருந்தாது. அப்படியானால் வாடிக்கையாளர் எப்படித்தான் வரவேண்டும் என்று கேட்டேன். "அதை அவங்கதான் யோசிக்கணும்" என்றார். மெமோ வாங்கிய மனிதரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? அவருக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு, பதவி உயர்வு உண்டு. பயந்து போயிருந்தார்.

இந்த நிலைமையில்தான் வெற்றிலைக்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்தப் பெண்ணுக்கு மதுரையில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அவர்கள் தெருவிலிருந்து அப்படி ஒரு பெண் போவது அதுதான் முதல் முறை. சேர்க்கைக்குக் கடைசி நாள் அன்று. சாயங்காலத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அடுத்த பெயருக்கு இடம் போய்விடும். பணம் எங்கள் கிளையில் இருக்கிறது. அதற்காகவே சேர்த்த பணம். எங்கள் கேஷ் கவுன்ட்டர் இரண்டு மணிக்கு மூடும். அவர்கள் வந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது.

ஏன் அவ்வளவு தாமதம் என்றால், மகளுக்கு இடம் கிடைத்தால் மொட்டை போடுவதாக அழகர்கோவிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். இடம் கிடைத்துவிட்டது. சாமிக்குக் கொடுத்த வாக்கை முடிக்காமல் காலேஜுக்குப் பணம் கட்டினால் நல்லதில்லை என்று, முதல் நாளே புறப்பட்டுப் போய், முடியிறக்கி, காலையில்தான் பஸ் ஏறியிருக்கிறார். முடியோடு மீசையும் போய்விட்டது. தலையில் சந்தனம். நெற்றியில் நாமம். தோளில் ஒரு துண்டு. படத்திலிருந்த வக்கீலுக்கும் அவருக்கும் இரண்டு காதுகள் மட்டும்தான் பொதுவாக இருந்தன.

"அடப் பாவமே" என்றேன் என்னை அறியாமல். "பணம் கட்டிட்டு மொட்டை போட்டிருக்கக் கூடாதா?"

"சாமிய நிக்க வச்சிட்டு வர முடியுமா தாயி? பேங்க்கு நம்ம பேங்க்குதேன்" என்றார் நம்பிக்கையோடு.

மேனேஜர் வந்தார். அன்று அவருக்கு ஏற்கனவே எரிச்சல். காலையிலிருந்து வெற்றிலை இல்லை. கொண்டுவருகிறவர்தான் அழகர்கோவிலில் இருந்தாரே. அட்டையை வாங்கி முகத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நீ இல்லையே."

"நாந்தேன் சார். உங்களுக்கு வெத்தல குடுக்கிறவன்."

"வெத்தலை குடுக்கறவன் நீதான். எனக்குத் தெரியும். ஆனா அட்டையில இருக்கறது நீ இல்லை. எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? பேங்க்குக்குத் தெரியணும்."

அந்தக் கிளையில் பேங்க் என்றாலே அவர்தான் என்பதை மேனேஜருக்கு எப்படிச் சொல்வது? வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "சார், நம்ம வெத்தலக்கார அண்ணன் சார்." "எம்புட்டு வருசமாத் தெரியும், இவரா பொய் சொல்லப் போறாரு?" மேனேஜர் கையைத் தூக்கினார். "சாட்சி சொல்ல இது கோர்ட் இல்லை. படம் பொருந்தணும், இல்லைன்னா முடி வளர்ந்ததும் வரட்டும்."

முடி வளர்ந்ததும்! எனக்கு ரத்தம் கொதித்தது. "சார், முடி வளர்ற வரைக்கும் காலேஜ் காத்திருக்காது. கீழே அங்க அடையாளம் எழுதியிருக்கு பாருங்க. இடது கன்னத்துல தழும்பு. அது இருக்கே" என்றேன்.

அவர் அந்த வரியை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தார். பிறகு படத்தைப் பார்த்தார். "படத்துல தழும்பு எங்கம்மா? இப்ப அட்டையே சந்தேகமா இருக்கே" என்றார். உதவி செய்யப் போய் நானே இன்னொரு முடிச்சைப் போட்டுவிட்டேன்.

அந்தப் பெண் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சேர்க்கைக் கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

எங்கள் பியூனுக்குத் தோன்றிய யோசனை, ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவருவது. சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அவரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஸ்டுடியோக்காரர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் கோட்டு, கண்ணாடி, பவுடர், நாடகக்காரர்கள் ஒட்டும் மீசை ஒன்று. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் வெற்றிலைக்காரரைப் பெஞ்சில் உட்காரவைத்து வேலையை ஆரம்பித்துவிட்டார். நாமத்தை அழித்து, சந்தனத்தை மறைக்கத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி, மீசை ஒட்டி, கோட்டு மாட்டி, தழும்பின்மேல் பவுடரைக் குழைத்து அப்பிக் கறுப்பையும் தழும்பையும் சேர்த்து மறைத்தார். ஒரு மனிதர் தான் தான்தான் என்று நிரூபிக்க மாறுவேடம் போட்டுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். சிரிக்கலாமா வேண்டாமா என்று வரிசையில் நின்றவர்களுக்கே தெரியவில்லை.

மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கோட்டைக் கண்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கோட்டா? மறுபடியுமா? இந்தக் கோட்டாலதான் எனக்கு மெமோ! கழட்டச் சொல்லு முதல்ல!" அப்புறம் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். கையிலிருந்த அட்டையைப் படித்தார். "அங்க அடையாளம், தழும்பு. தழும்பு எங்கே? இப்ப முகத்துலயும் காணோமே!"

ஸ்டுடியோக்காரர் தழும்பைத் துடைத்துக் காட்டினார். "அப்ப படத்துல இல்லை" என்றார் மேனேஜர். ஸ்டுடியோக்காரர் திரும்பப் பவுடரை அப்பினார். "அப்ப எழுத்தோட பொருந்தலை." இப்படி இரண்டு தடவை அந்தக் கன்னம் வெளுத்துக் கறுத்தது. மூன்றாவது தடவை ஸ்டுடியோக்காரர் பவுடர் டப்பாவை எடுத்தபோது, வெற்றிலைக்காரர் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். தலைப்பாகையை அவிழ்த்தார். மீசையைப் பிய்த்து ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்தார். கோட்டை மடித்துப் பெஞ்சில் வைத்தார். மொட்டைத் தலையோடு உட்கார்ந்து தரையைப் பார்த்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மணி ஒன்றரையைத் தாண்டிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, தன் பையிலிருந்து ஒரு வெற்றிலைக் கட்டை எடுத்தார். அழகர்கோவிலுக்குப் போகும்போதே மேனேஜருக்கென்று எடுத்துவைத்து, ஈரத் துணியில் சுற்றி, போன இடமெல்லாம் சுமந்திருக்கிறார். "காலையில குடுக்க முடியல. கோவிச்சுக்காதீங்க சார்" என்று நீட்டினார். அதில் குத்தலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

மேனேஜர் ஒரு கணம் தயங்கினார். பிறகு வாங்கிக்கொண்டார். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். வாயில் போடுகிற வெற்றிலைக்கு அவர் யாரிடமும் அட்டை கேட்கவில்லை. இதைச் சத்தமாகவே சொன்னேன். அவர் காதில் விழுந்தது. வாய் நிறைய இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அட்டையை என் மேஜையில் வைத்துவிட்டு, துப்புவதற்காகப் பின்கட்டுக்குப் போனார்.

ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் டச் பண்ணும் பென்சில் இருந்தது. "எடுத்தவன் நான். வைக்கிறதும் நானே வச்சிர்றேன்" என்று அட்டையை இழுத்து, படத்தின் கன்னத்தில் மெலிதாக ஒரு வளைவு போட ஆரம்பித்தார். தொழில் அவரை விடவில்லை. தழும்பைக்கூட அழகாகப் போடப் பார்த்தார்.

"அப்படி இல்ல" என்றாள் அந்தப் பெண். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. "குடுங்க."

பென்சிலை வாங்கினாள். கண்ணுக்குக் கீழே தொடங்கி, கன்னத்தின் நடுவில் சற்றே உடைந்து, பிறகு தாடைக்கு இறங்கும் அந்தத் தழும்பை அப்படியே இழுத்தாள். அப்பா பக்கத்திலேயே நின்றார். அவள் அவர் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளுத்த வக்கீலின் முகத்தில் தழும்பு வந்து உட்கார்ந்ததும், கோட்டுக்குள்ளிருந்து எங்கள் வெற்றிலைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் நான் மேஜைக்கு அடியில் ஸ்டாம்ப் பேடைத் தேடிக்கொண்டிருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

துப்பிவிட்டு வர ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மேனேஜருக்கு அன்று அதைவிட அதிக நேரம் ஆனது. வந்தார். அட்டையை எடுத்தார். எழுத்தைப் படித்தார், தழும்பு. படத்தைப் பார்த்தார், தழும்பு. முகத்தைப் பார்த்தார், தழும்பு.

"எல்லாம் பொருந்துதே. இதை முதல்லயே காட்டியிருக்கக் கூடாதா?" என்றார். கையெழுத்துப் போட்டார்.

கவுன்ட்டர் மூடுவதற்குச் சற்று முன் பணம் கிடைத்தது. அவசரத்தில் அப்பாவும் மகளும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரயிலுக்கு ஓடினார்கள். கலப்படமில்லாத அட்டையோடு ஒரு திருடன் சார் பட்டத்தோடு பணம் வாங்கிப் போனான். ஒரு யோக்கியர் பணம் வாங்க, அட்டையைத் திருத்த வேண்டியிருந்தது. எங்கள் கிளையில் மோசடியைத் தடுத்த வரலாறு இவ்வளவுதான்.

அவள் படித்து முடித்து, பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, கணக்குத் தொடங்க வந்தாள். கூடவே அப்பாவும் வந்தார். முடியும் மீசையும் வளர்ந்திருந்தன, அவற்றில் நரையும் வந்திருந்தது. மேனேஜர் கையில் மாற்றல் ஆர்டரோடு, புறப்பட வேண்டிய நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தோடு சேர்த்து அவள் இரண்டு படங்களை வைத்தாள்.

"படம் தேவையில்லைம்மா. கையெழுத்துப் போடறவங்களுக்குக் கேக்கறதில்லை" என்றார் மேனேஜர்.

"தெரியும் சார். இருந்தாலும் ஒட்டிக்கங்க."

ஒன்று அவளுடையது. கறுப்பாக, நெற்றியில் பருவோடு, எண்ணெய் வழிய, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரையில் எடுத்தது. ஒரு கோடு திருத்தக் கூடாது என்று சொல்லி எடுத்தாளாம். மற்றது அவள் அப்பாவுடையது. துண்டு, காவிப் பல், தழும்பு, எல்லாம் இருந்தன. "பழைய அட்டைய எடுத்துட்டு அப்பாவுக்கு இதப் போட்டுருங்க சார்" என்று அப்பாவின் அட்டையையும் நீட்டினாள். மேனேஜர் பழக்க தோஷத்தில் இரண்டு படங்களையும் இரண்டு முகங்களுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் பொருந்தின.

"கழுத, படிச்சும் ஒரு பவுடர் போடணும்னு தெரியல பாருங்க தாயி" என்று வெற்றிலைக்காரர் என்னிடம் முறையிட்டார். பிறகு, "அந்தப் பழைய படத்த எனக்குக் குடுத்துருங்க" என்றார்.

"பழைய அட்டையை ரத்து பண்ணி ஆபீஸ்லயே வச்சுக்கணும். அதுதான் ரூல்" என்றார் மேனேஜர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அந்தக் கோட்டு மேல இன்னும் ஆசை விடலையாண்ணே?"

"கோட்டு கெடக்குது தாயி" என்றார் அவர், மேனேஜர் இருப்பதையே மறந்து. "அதுல இருக்கிற தழும்பு எம்மக வச்சது."

 அந்தப் பெண் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேனேஜர் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். இழுப்பறையைத் திறந்து, நிதானமாக ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். பழைய அட்டையை எடுத்து என் மேஜையில் வைத்தார். பிறகு துப்புவதற்காகப் பின்கட்டுக்குப் போனார். அன்றைக்குப் போலவே வெகுநேரம் திரும்பி வரவில்லை.

ஈரப் பஞ்சால் நனைத்து, தழும்பு கலையாமல் படத்தைப் பிரித்து எடுத்து, அவர் கையில் கொடுத்தேன்.